கைப்பிடியும் திருகாணியும்

பொருள்களுக்கு உருவங் கொடுப்பதையே ஒருவர் தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளலாமா என்று மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் வினவினார். அவர் எமது பொறியியற் பீடத்தின் இறுதியாண்டில் இருந்தவர். மின்சுற்றுக்களில் வல்லவர், ஆயினும் சுற்றினைக் காட்டிலும் அதனை உள்ளடக்கும் பெட்டியிலேயே அவருக்கு நாட்டம் அதிகம். கிணற்று நீரின் உவர்த்தன்மையை அளப்பதற்கு அவர் ஒரு சிறு கருவியை ஆக்கியிருந்தார். அதனை என் மேசைமீது வைத்துவிட்டே அக்கேள்வியைக் கேட்டார். கருவியின் உறை அழகாகவே இருந்தது. வெண்ணிறம், வளைந்த ஓரங்கள், எவ்விடத்தும் ஒரு பொருத்துத் தெரியவில்லை. நான் அதனைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதைத் தேடினேன் என்பது அவருக்கு விளங்கவில்லை. அதனை விளக்க வேண்டுமாயின் இருவருடைய கதையைக் கூறல் வேண்டும். ஒருவர் உலகறிந்த கைத்தொழில் வடிவமைப்பாளரான ஜொனதன் ஐவ். மற்றவர் யாழ்ப்பாண நகரத்து ஒழுங்கையொன்றில் வானொலிப் பெட்டி திருத்திய என் தந்தையார்.

கைத்தொழில் வடிவமைப்பு என்பது நம்மிடையே அதிகம் பேசப்படாத துறை. ஒரு பொருள் எவ்வாறு இயங்க வேண்டும் என்பதைப் பொறியியலாளர் தீர்மானிக்கின்றார். அது கையில் எவ்வாறு அமைய வேண்டும், கண்ணுக்கு எதனை உணர்த்த வேண்டும், எந்த மூலப்பொருளால் எம்முறையில் ஆக்கப்பட வேண்டும் என்பவற்றை வடிவமைப்பாளர் தீர்மானிக்கின்றார். குயவரிடத்தும் தச்சரிடத்தும் இவ்விரு பணிகளும் ஒருவர் கையிலேயே இருந்தன. இயந்திர உற்பத்தி வளர்ந்தபோது அவை பிரிந்தன. 1907ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஏ. ஈ. ஜி. என்னும் மின்சாதன நிறுவனம் பீற்றர் பேரன்ஸ் என்ற கலைஞரைத் தன் ஆலோசகராக அமர்த்தியது. தொழிற்சாலைக் கட்டடம் முதல் தேநீர்க் கேத்தல் வரை அந்நிறுவனத்தின் தோற்றம் முழுவதையும் அவர் வகுத்தார். இத்தொழிலின் தொடக்கத்தை அவரிடமே காண்போர் பலர். 1955இல் பிறவுண் நிறுவனத்திற் சேர்ந்த டீற்றர் றாம்ஸ், வேண்டாதவற்றை நீக்குவதே வடிவமைப்பின் முதற் கடமை என்பதைத் தம் வானொலிகளாலும் கணிப்பான்களாலும் நிறுவினார். ஐவ் இம்மரபில் வந்தவர்.

என் தந்தையார் இப்பெயர்களில் ஒன்றையேனும் கேட்டறிந்தவரல்லர். ஆயினும் அப்பொருள்களின் உட்புறத்தை அவர் அறிந்த அளவுக்கு, அவற்றை ஆக்கியவர்களே அறிந்திருப்பார்களோ என நான் ஐயுறுவதுண்டு. அவருடைய கடை பத்தடி அகலந்தானும் இல்லாதது. சுவரோரத்துப் பலகைகளில் முதுகு கழற்றப்பட்ட வானொலிகள் வரிசையாக இருக்கும். பற்றாசும் பிசினும் உருகும் மணம் அவருடைய சட்டையிலிருந்து ஒருநாளும் நீங்கியதில்லை. பாடசாலை விட்டதும் அக்கடைக்குச் சென்று அவருக்கு எதிரே ஒரு முக்காலியில் அமர்ந்திருப்பேன். அவர் எனக்குக் கற்பித்த முதற் பாடம் மின்னியலன்று. கழற்றிய திருகாணிகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு சிரட்டையிலும் தகர மூடியிலும் பிரித்து வைக்க வேண்டும் என்பதே. “கழட்டுறது பெரிய வேலையில்லைத் தம்பி, திரும்பப் பூட்டுறதுதான் வேலை” என்பார்.

பெட்டியைத் திறந்ததும் உடனே வேலையைத் தொடங்கமாட்டார். சிறிது நேரம் உள்ளே நோக்கியபடி இருப்பார். பழைய வால்வு வானொலிகள் சிலவற்றின் உட்புறத்திற் சுற்றுப்படமே ஒட்டப்பட்டிருக்கும். சிலவற்றில் ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பி, பின்மூடியைத் திறந்து அருகில் வைப்பதற்கு ஏற்ற நீளத்தில் விடப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் மூடியை எடுத்த கணமே கம்பி அறுந்துவிடும். முன்னதைக் கண்டால், “இதைச் செய்தவன் எங்களையும் நினைச்சிருக்கிறான்” என்பார். பின்னதைக் கண்டால் ஒன்றும் கூறமாட்டார். தாம் ஒருபோதும் காணாத மனிதர் ஒருவருடைய குணத்தை ஒரு கம்பியின் நீளத்தைக் கொண்டு அவர் அளந்தார். வடிவமைப்பு எனும் துறையில் நான் கற்ற முதலாவது திறனாய்வு அதுவே.

ஐவ் 1967ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் நாள் இலண்டனின் சிங்போர்ட் பகுதியிற் பிறந்தார். எனக்கு ஏறத்தாழ ஓராண்டு மூத்தவர். அவருடைய தந்தையார் மைக்கல் ஐவ் ஒரு வெள்ளிக் கைவினைஞர். கல்லூரியில் அக்கலையைக் கற்பித்தவர். நத்தார்ப் பண்டிகைக்கு அவர் தம் மகனுக்கு அளித்த பரிசு விந்தையானது. கல்லூரி விடுமுறையில் ஆளில்லாத பட்டறையில் ஒருநாள் முழுவதும் மகனுடன் நின்று, அவன் விரும்பியதைச் செய்துகொடுப்பார். ஒரு நிபந்தனை மாத்திரம் உண்டு. செய்யவிருப்பதை மகன் முதலிற் கையால் வரைந்து காட்டல் வேண்டும். இச்செய்தியை நான் முதன்முதல் வாசித்தபோது, அந்த முக்காலியும் சிரட்டையும் என் நினைவுக்கு வந்தன. அவருக்கு ஆக்குவதைக் கற்பித்த தந்தை. எனக்குத் திறப்பதைக் கற்பித்த தந்தை. எம் இருவருடைய வாழ்வும் பிரிந்த இடம் அதுவென்று இப்போது தோன்றுகின்றது.

ஐவ் நியூகாசில் பொலிரெக்னிக்கிற் கைத்தொழில் வடிவமைப்பைப் பயின்று 1989இல் வெளியேறினார். மாணவராயிருந்த காலத்திலேயே பரிசுகள் பெற்றார். பின்னர் இலண்டனில் ரான்ஜரீன் என்னும் சிறிய வடிவமைப்பு நிலையத்திற் பங்காளரானார். அங்கு அவர் ஆக்கியவை கணனிகள் மாத்திரமல்ல. சீப்பு முதற் கைகழுவுந் தொட்டி வரை பலவாகும். குளியலறைச் சாதனங்களுக்கு அவர் அரும்பாடுபட்டு வகுத்த உருவங்கள் வாடிக்கையாளரால் நிராகரிக்கப்பட்டன. தொழில்நுட்ப உலகின் முதன்மை வடிவமைப்பாளர் எனப் பிற்காலத்திற் போற்றப்பட்டவருடைய தொழில்வாழ்வு இவ்வாறு ஒரு தோல்வியுடனேயே தொடங்கியது. வாடிக்கையாளரைத் தேடியலைவதும் பேரம் பேசுவதும் அவருக்கு ஒவ்வாதவை. 1992இல், இருபத்தைந்து வயதில், அவர் அப்பிள் நிறுவனத்திற் சேர்ந்து கலிபோர்னியாவுக்குச் சென்றார்.

அங்கும் முதல் ஐந்தாண்டுகள் சிறப்பாக அமையவில்லை. நியூற்றன் எனும் கையடக்கக் கருவியின் 1994ஆம் ஆண்டு மாதிரிக்கு அவர் உருவங் கொடுத்தார். அதன் மூடி குறிப்பேட்டின் அட்டை போல மேற்புறமாகத் திரும்புவது. அவ்வடிவம் பாராட்டுப் பெற்றது. ஆயினும் கருவி சந்தையில் நிலைக்கவில்லை. 1996இல் வடிவமைப்புப் பிரிவின் தலைமை அவரிடம் வந்தது. அப்போது நிறுவனமோ வீழ்ச்சியின் விளிம்பில் நின்றது. 1997ஆம் நிதியாண்டில் அதன் நட்டம் நூறு கோடி டொலரைத் தாண்டியது. வடிவமைப்பாளர்கள் தருவது வெறும் தோல்; பொறியியலாளர்கள் மலிவாக ஆக்கித்தருவதற்கு அத்தோல் இசைந்து கொடுக்க வேண்டும் என்பதே அக்கால நியதி. மனஞ்சலித்த ஐவ் விலகிவிடவும் எண்ணியிருந்தார். அவ்வேளையில் ஸ்டீவ் ஜொப்ஸ் நிறுவனத்துக்குத் திரும்பினார். வடிவமைப்புக் கூடத்துள் நுழைந்து பார்த்த அவர், வெளியிலிருந்து புகழ்பெற்ற எவரையும் அழைக்காது, உள்ளே இருந்தவரையே நம்பினார். ஒரு தொழிலாளியின் திறமை போதாது; அதனை இனங்காணும் கண் ஒன்றும் வேண்டும் என்பதற்கு இது சான்று.

1998ஆம் ஆண்டு மே மாதம் ஐமக் கணனி அறிமுகமானது. அக்காலத்துக் கணனிகள் பழுப்பு வெண்மை நிறப் பெட்டிகள். இதுவோ நீலப்பச்சை நிறமுடைய ஒளிகசியும் பிளாஸ்ரிக்கால் ஆனது. உள்ளிருப்பவை மங்கலாகத் தெரியும். அந்த நிறத்தையும் ஒளிகசிவையும் நுணுகி அறியும்பொருட்டு வடிவமைப்புக் குழுவினர் இனிப்புப் பண்டம் செய்யும் தொழிற்சாலையொன்றுக்கும் சென்றனர். கணனியின் உச்சியில் உட்குழிந்த ஒரு கைப்பிடி இருந்தது. மேசையில் நிலையாக இருக்கும் பாரமான கணனிக்குக் கைப்பிடி எதற்கு? ஐவ் கூறிய விளக்கம் என்னைச் சிந்திக்க வைத்தது. மக்கள் கணனிக்கு அஞ்சுகின்றனர். அஞ்சுகின்ற பொருளைத் தொடமாட்டார்கள். கைப்பிடியைக் கண்டால், இதனைத் தொடலாம் என்ற அனுமதி கிடைக்கின்றது. அது சுமப்பதற்கான உறுப்பன்று, உறவுக்கான அழைப்பு. செலவைக் காட்டிப் பொறியியலாளர்கள் மறுத்தனர். ஜொப்ஸ் கைப்பிடியின் பக்கம் நின்றார். 1,299 டொலர் விலையில் ஓகஸ்ட் மாதம் விற்பனைக்கு வந்த அக்கணனி, அவ்வாண்டு முடிவதற்குள் எட்டு இலட்சம் விற்றது.

அவ்வாண்டில் நான் சிங்கப்பூரில் இருந்தேன். யாழ்ப்பாணத்திற் கழிந்த முந்திய ஆண்டுகளைப் பற்றி இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. 1990இன் பின்னர் அங்கு மின்சாரம் இல்லை. பற்றரிகள் தடைசெய்யப்பட்ட பொருள்கள். அக்காலத்தில் என் தந்தையாரின் கடைக்கு வந்த வானொலிகள் பழுதடைந்தவையல்ல, உணவின்றிக் கிடந்தவை. சைக்கிள் டைனமோவிலிருந்து வரும் ஆடலோட்டத்தை நான்கு இருவாயிகளாற் சீராக்கி, ஒரு கொள்ளளவியால் அதன் நடுக்கத்தைத் தணித்து, வானொலியின் பற்றரி அறைக்குள் இரு கம்பிகளாகக் கொண்டுசென்று விடுவார். இருவாயிகளும் செத்த பெட்டிகளிலிருந்து பிடுங்கியவையே. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைச் சுற்ற, வீட்டார் சூழ்ந்திருந்து இரவுச் செய்தி கேட்பர். இது நடைபெற்றதற்குக் காரணம் அவருடைய திறமை மாத்திரமன்று. அவ்வானொலிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சதக் குற்றியாலேனும் திறக்கத்தக்க ஒரு கதவு இருந்தது. எங்கோ ஒரு நாட்டில், தம் பொருள் இத்தகையதொரு காலத்துக்குள் வந்து சேரும் என்று கனவிலும் கருதாத ஒருவர் அக்கதவை வைத்திருந்தார்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, என் தந்தையார் சைக்கிளிற் கட்டிச் சென்றது திருகாணிகளும் பற்றுக்கோலும் அடங்கிய ஒரு பிஸ்கற் தகரத்தை. அடுத்த ஆண்டு திரும்பி வந்து வீட்டுத் திண்ணையில் மீண்டும் வேலையைத் தொடங்கினார். நான் பட்டம் பெற்றுச் சிறிது காலம் இங்கு கற்பித்து, 1998இல் சிங்கப்பூரில் ஒரு மின்சாதன நிறுவனத்தில் உற்பத்திப் பொறியியலாளனாகச் சேர்ந்தேன். நிறுவனத்தின் பெயர் இக்கட்டுரைக்கு வேண்டியதன்று. பிழை என்னுடையதாகலின் பழியும் என்னுடையதே.

நாங்கள் சட்டைப் பையில் வைக்கத்தக்க சிறு வானொலி ஒன்றை ஆக்கினோம். மீள மின்னேற்றும் பற்றரி அதனுள்ளேயே இருந்தது. அதன் வடிவமைப்பாளர் மலேசியாவைச் சேர்ந்த பெண்மணி. என்னிலும் வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். அவருடைய வரைபடத்தில் உறையின் இரு பாதிகளையும் நான்கு திருகாணிகள் இணைத்தன. நான் மாற்றுவழியொன்றை முன்வைத்தேன். செவிக்குப் புலனாகாத அதிர்வெண்ணில், செக்கனுக்கு ஏறத்தாழ இருபதாயிரம் முறை, ஓர் உலோகக் கொம்பை அதிரச் செய்து பிளாஸ்ரிக்கின் விளிம்புமீது அழுத்தினால், உராய்வின் வெப்பத்தால் விளிம்பு உருகி இரு பாதிகளும் ஒன்றாகிவிடும். ஒரு செக்கனுக்குள் வேலை முடிந்துவிடும். திருகாணி வேண்டாம், அதனை ஏற்கும் பித்தளைக் குழல் வேண்டாம், முடுக்கும் தொழிலாளியும் வேண்டாம். அப்பெண்மணி கூட்டத்தில் ஒரு கேள்வியை மட்டும் கேட்டார். பற்றரி செத்தபின் என்ன செய்வார்கள்? புதியதை வாங்குவார்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என்னிடம் செலவு அட்டவணை இருந்தது. அவரிடம் அந்தக் கேள்வி மாத்திரமே இருந்தது. அட்டவணை வென்றது. அவ்வாண்டு எனக்குச் சம்பள உயர்வும் கிடைத்தது.

2002ஆம் ஆண்டு ஏ-9 வீதி திறக்கப்பட்டபின் ஊருக்குச் சென்றேன். அந்த வானொலியில் ஒன்றைத் தந்தையாருக்குக் கொண்டுபோயிருந்தேன். மகன் ஆக்கிய வானொலி என்று அயலாருக்கெல்லாம் காட்டினார். பின்னர் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு திண்ணைக்குச் சென்று, வெளிச்சத்திற் பிடித்து நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்புறத்தை விரல்நுனியால் தடவினார். ஒட்டியிருந்த விலைச்சீட்டை உரித்து அதன் கீழும் பார்த்தார். இறுதியில் என்னை நிமிர்ந்து நோக்கி, “தம்பி, இதுக்கு வாசல் எங்கை?” என்று கேட்டார்.

வாசல் இல்லை என்று நான் சொன்னேன். ஏனென்று கேட்பார் என எதிர்பார்த்தேன்; அவர் கேட்கவில்லை. கம்பி அறுந்த பெட்டிகளைக் கண்டபோது கொண்ட மௌனத்தையே என் வானொலிக்கும் கொண்டார். அடுத்த ஆண்டு நான் வந்தபோது பற்றரி செத்திருந்தது. கத்தியைச் சூடாக்கி உறையை நெடுகப் பிளந்து, வேறு பற்றரி வைத்து, சைக்கிள் ரியூப்பில் அறுத்த இரு றப்பர் வளையங்களால் அதனைக் கட்டி வைத்திருந்தார். அது பாடிக்கொண்டுதான் இருந்தது. நான் அவ்வேலையை விட்டு விரிவுரையாளனாக வந்ததற்குப் பல காரணங்கள் கூறுவதுண்டு. அந்த றப்பர் வளையங்களைப் பற்றி இதுவரை எவரிடமும் கூறியதில்லை.

ஐவ்வின் பிற்காலத்து ஆக்கங்களை நான் இக்கண்கொண்டே பார்த்துவந்தேன். 2001ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்த ஐபொட், ஆயிரம் பாடல்களைச் சட்டைப் பைக்குள் அடக்கியது. முன்புறம் வெள்ளை, பின்புறம் கண்ணாடிபோல் மினுக்கிய உருக்கு, திருகாணி ஒன்றேனும் வெளியே இல்லை. 2007இல் வந்த ஐபோன் விசைப்பலகையையே நீக்கியது. 2008இல் மடிக்கணனியின் உடலை ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுக்கும் முறை புகுந்தது. அதற்கு முன்னர் மாதிரி ஆக்குவதற்கே பயன்பட்ட கடைசல் இயந்திரங்கள் பேருற்பத்திக்குக் கொண்டுவரப்பட்டன. வடிவமைப்பாளர் தொழிற்சாலையையே வடிவமைக்கும் நிலைக்கு உயர்ந்தார். பேரன்ஸ் காலந்தொட்டு இத்தொழிலில் இருந்தோர் கண்ட கனவு இது. தோல் தருபவர் என ஒருகால் ஒதுக்கப்பட்டவர், பொருளின் எலும்பையே தீர்மானித்தார்.

இவ்விடத்தில் நடுநிலை தவறலாகாது. உறையை மூடுவதற்கு நியாயங்கள் உண்டு. கழற்றத்தக்க பற்றரிக்குத் தனியறையும், தடித்த உறையும், தொடுமுனைகளும் வேண்டும். அவை இடத்தை உண்ணும். ஒட்டிய உடல் உறுதி மிக்கது. நீரும் தூசும் புகா. சட்டைப் பையில் இருக்கும் பொருளை மெல்லியதாக விரும்புவோர் மக்களே. ஆயினும் பற்றரி வேதியியலுக்குக் கட்டுப்பட்டது. சில நூறு முறை மின்னேற்றியபின் அதன் ஆற்றல் குன்றியே தீரும். பொருளின் ஆயுளை அதனுள் மிகக் குறைந்த ஆயுளுடைய உறுப்போடு பிணைப்பதே ஒட்டுப்பசையின் வேலையாகின்றது. 2003ஆம் ஆண்டில் ஐபொட்டின் பற்றரியை மாற்ற வழியில்லை எனச் சகோதரர் இருவர் நியூயோர்க் நகரத்துச் சுவர் விளம்பரங்களின்மீது எழுதிப் படமெடுத்து வெளியிட்டனர். 2005இல் அப்பிள் வாடிக்கையாளர் வழக்கொன்றை இணக்கத்துடன் முடித்துக்கொண்டது. 2015இல் மெலிவின்பொருட்டு ஆக்கப்பட்ட மடிக்கணனி விசைப்பலகையின் பொறிமுறை தூசுக்கு ஆற்றாததாயிற்று. 2018இல் இலவசத் திருத்தம் அறிவிக்கப்பட்டது. 2019இன் இறுதியில் நிறுவனம் பழைய வகைப் பொறிமுறைக்குத் திரும்பத் தொடங்கியது.

ஜொப்ஸ் தம் வளர்ப்புத் தந்தையாரைப் பற்றிக் கூறிய செய்தியொன்று பலரும் அறிந்தது. பழைய மோட்டார் வண்டிகளைத் திருத்தி விற்ற அவர், வேலியின் பின்புறத்தையும் முன்புறம் போலவே செம்மையாகச் செய்ய வேண்டும் எனக் கற்பித்தார். அதனாலேயே அப்பிள் கருவிகளின் உட்புறமும் ஒழுங்கும் அழகும் வாய்ந்ததாயிற்று என்பர். அது மெய்யே. திறந்து பார்த்தவன் என்ற முறையில் நானும் அதற்குச் சாட்சி. ஆனால் என் மனத்தில் எழுவது வேறொரு வினா. யாரும் புகமுடியாத அறையை அலங்கரிப்பது யாருக்காக? வெள்ளிக் கைவினைஞரின் மகனும் வண்டி திருத்தியவரின் மகனும் இணைந்து ஆக்கிய பொருள்களில் ஆக்கும் கைக்கு உயர்ந்த மதிப்புக் கிடைத்தது. திருத்தும் கைக்கு இடமில்லாது போயிற்று. பொருளை ஆக்கியவரின் அக்கறையை அதனைப் பயன்படுத்துவோர் உணர்வர் என ஐவ் பல நேர்காணல்களிற் கூறிவந்தார். நானும் அதனை நம்புகின்றேன். அக்கறை எத்தனை ஆண்டுகளுக்கு நீடிக்க வேண்டும் என்பதிலேயே அவருடன் மாறுபடுகின்றேன்.

2011இல் ஜொப்ஸ் மறைந்தார். 2012இல் ஐவ் ‘சேர்’ பட்டம் பெற்றார். 2015இல் நிறுவனத்தின் பிரதம வடிவமைப்பு அதிகாரியானார். 2019இல் அங்கிருந்து விலகித் தமது நிலையத்தை அமைத்தார். அவர் இணைந்து தோற்றுவித்த புதிய வன்பொருள் நிறுவனமொன்றை ஏறத்தாழ 650 கோடி டொலர் மதிப்பிற் பெற்றுக்கொள்வதாக 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓப்பன் ஏஐ நிறுவனம் அறிவித்தது. கைகழுவுந் தொட்டியில் தொடங்கிய ஒரு வாழ்வு எய்திய உயரம் இது. இதற்கிடையே காற்றும் சிறிது திசைமாறியுள்ளது. 2022இல் அப்பிள் நிறுவனமே உதிரிப்பாகங்களையும் கைந்நூல்களையும் அமெரிக்காவிற் பொதுமக்களுக்கு வழங்கத் தொடங்கியது. கையடக்கக் கருவிகளின் பற்றரிகளைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றத்தக்கதாக அமைக்க வேண்டும் என்பதற்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குவிதி 2023இல் நிறைவேறிற்று. 2027 பெப்ரவரியை அது அதற்கான காலமாகக் குறித்தது. அந்தப் பெண்மணியின் கேள்வி, கால் நூற்றாண்டு கழிந்து சட்டமாயிற்று. அதனைக் கண்டு மகிழ என் தந்தையார் இல்லை. 2014இல் அவர் காலமாகிவிட்டார்.

இவையனைத்தையும் அந்த மாணவரிடம் ஒரே மூச்சிற் கூறிவிடவில்லை. அவர் கேட்டதற்கு முதலில் விடை பகர்ந்தேன். இத்தொழிலைத் தாராளமாக மேற்கொள்ளலாம். ஆற்றலும் பொறுமையும் உமக்கு உண்டு. ஆனால் முதற் பத்தாண்டுகள் பிறர் நிராகரிப்பதற்காகவே உழைக்க நேரலாம் என்றேன். பின்னர் அவருடைய கருவியை அவரிடமே நீட்டி, “இதற்கு வாசல் எங்கே?” என்று கேட்டேன்.

அவர் தயங்கவில்லை. “சேர், இது கிணத்துக்குள்ள இறக்கிற சாமான். வாசல் வைச்சால் தண்ணி போயிடும்” என்றார். அது சரியான விடை. சிங்கப்பூர்க் கூட்டத்தில் நான் சொன்ன விடையைவிட எத்தனையோ மடங்கு நேர்மையான விடை. ஆதலின் அவரை மடக்க நான் முயலவில்லை. இக்கருவியை வாங்குபவர் யார் என்று மாத்திரம் கேட்டேன். தோட்டக்காரர்கள் என்றார். பற்றரி எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேட்டேன். மூன்று என்றார். மூன்றாண்டின் பின் அத்தோட்டக்காரர் அதனை எடுத்துக்கொண்டு யாரிடம் போவார் என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். அப்போதுதான் அந்தத் திண்ணையைப் பற்றியும் றப்பர் வளையங்களைப் பற்றியும் அவரிடம் கூறினேன்.

இரு வாரங்களின் பின் அவர் மீண்டும் வந்தார். உறையின் இரு பாதிகளுக்கிடையே ஒரு வரிப்பள்ளம் வெட்டி, அதனுள் றப்பர் வளையமொன்றை இருத்தி, நான்கு துருவேறா உருக்குத் திருகாணிகளால் முடுக்கியிருந்தார். கடையில் வாங்கத்தக்க சாதாரணத் திருகாணிகள். இரண்டு நாள் வாளி நீரில் அமிழ்த்தி வைத்தும் உள்ளே ஈரம் செல்லவில்லை. உறை முன்னையதினும் மூன்று மில்லிமீற்றர் தடித்துவிட்டது, செலவும் கூடியது. முன்னிருந்த அழகு குறைந்துவிட்டதாக அவர் வருந்தினார். எனக்கும் அவ்வாறே தோன்றியது, அதனை மறைக்கவில்லை. திருகாணியையும் அழகையும் ஒருங்கே வைக்கக் கற்றுக்கொள்வதே இனி உம்முடைய பத்தாண்டு வேலை என்றேன்.

அவர் சென்றபின் கருவியைத் திறந்து பார்த்தேன். பற்றரிக்குச் செல்லும் கம்பி, மூடியை அருகில் வைத்துவிட்டு வேலை செய்வதற்குப் போதிய நீளத்தில் விடப்பட்டிருந்தது. அதனை நான் அவரிடம் சொல்லிக் கொடுத்ததில்லை. அவர் இப்போது வெளிநாட்டு வடிவமைப்பு நிலையமொன்றில் வேலைக்கு விண்ணப்பித்துள்ளார், கிடைக்குமென்றே நம்புகின்றேன். அங்கும் ஒரு செலவு அட்டவணையை எவரேனும் அவர்முன் வைப்பார். அன்று அவர் என்ன செய்வார் என்பதை நான் அறியேன். நான் என்ன செய்தேன் என்பதை மாத்திரம் இங்கே எழுதி வைக்கின்றேன்.